குளோபல் கிட்ஸ் ஆன்லைன் கேள்வித்தாள்: கம்பம், குமுளி பக்கத்துப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்ததில்

பிள்ளைகள் போனில் என்னதான் செய்கிறார்கள் என்று முறையாகத் தெரிந்துகொள்ள நினைக்கும் ஆசிரியர்கள், மாலை வகுப்பு நடத்துகிறவர்கள், சமூகப் பணி படிக்கிற கல்லூரிப் பிள்ளைகள் எல்லோருக்கும் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சொந்தமாகக் கேள்வித்தாள் தயாரிக்க உட்காராதீர்கள். குளோபல் கிட்ஸ் ஆன்லைன் என்ற பெயரில் ஒரு ஆய்வுக் கருவித்தொகுப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தேனி மாவட்டம் கூடலூரில் நாங்கள் சில பேர் சேர்ந்து மாலை வகுப்பு நடத்துகிறோம். கம்பம், லோயர் கேம்ப், மலை ஏறினால் கேரளப் பக்கம் குமுளி, வண்டிப்பெரியாறு வரை தெரிந்த குடும்பங்களின் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வித்தாளை வைத்துப் பேசிப் பார்த்தோம். நல்ல பொருள், தாராளமாகச் சிபாரிசு செய்வேன். ஆனால் அப்படியே எடுத்து அச்சடித்தால் நம் பக்கம் பாதிதான் வேலை செய்யும். எந்தப் பாதி என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஐரோப்பாவில் 2006இல் இ.யூ. கிட்ஸ் ஆன்லைன் என்று ஒரு ஆய்வு தொடங்கினார்கள், லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் பேராசிரியர் சோனியா லிவிங்ஸ்டன் அதை முன்னின்று நடத்தினார். 2010இல் 25 நாடுகளில், 9 முதல் 16 வயது வரை உள்ள 25,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வீட்டுக்கே போய்ப் பார்த்துக் கேட்டார்கள். அந்த அனுபவத்தை வைத்து, யுனிசெஃபின் இன்னொசென்டி ஆய்வு அலுவலகத்தோடு சேர்ந்து, மற்ற கண்டங்களுக்கும் பொருந்துகிற மாதிரி செய்ததுதான் 2016இல் வெளியான இந்தத் தொகுப்பு. அர்ஜென்டினா, செர்பியா, தென்னாப்பிரிக்கா, பிலிப்பைன்ஸ் நான்கிலும் முதலில் சோதித்தார்கள். 2019இல் வந்த அறிக்கையில் 11 நாடுகளின் 14,733 பிள்ளைகள் பேசியிருக்கிறார்கள். கானா, பிரேசில், அல்பேனியா எல்லாம் அதில் உண்டு, இந்தியா இல்லை.

தொகுப்பில் இரண்டு பகுதி. ஒன்று 9 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கான கேள்வித்தாள். கண்டிப்பாகக் கேட்க வேண்டியவை தனி, விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ள வேண்டியவை தனி, அப்பா அம்மாவுக்கான கேள்விகள் தனி. இன்னொன்று உட்கார்ந்து பேசுவதற்கும், குழுவாகப் பேசுவதற்கும் உள்ள வழிகாட்டி. இவற்றோடு, பிள்ளைகளிடம் ஆய்வு செய்யும்போது எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, யாரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்றெல்லாம் தனித்தனி வழிகாட்டிக் கட்டுரைகள். ஒரு ரூபாய் செலவில்லாமல் இவ்வளவு கிடைக்கிறது என்பதையே நம் பக்கம் யாரும் சொல்வதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது, கேள்விகள் போகிற போக்கு. நம் ஊரில் போன் பற்றிய பேச்சு எல்லாம் "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்க்கிறான்" என்பதிலேயே நின்றுவிடும். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது, கேட்கவும் தோன்றாது. இந்தக் கேள்வித்தாளிலும் நேரம் பற்றி உண்டு, ஆனால் அதோடு விடுவதில்லை. எங்கே உட்கார்ந்து பார்க்கிறாய், எதைத் தேடினாய், தெரியாதவரோடு பேசியிருக்கிறாயா, யாரையாவது பிளாக் பண்ணத் தெரியுமா, போனுக்காகச் சாப்பிடாமல் தூங்காமல் இருந்ததுண்டா, வீட்டில் சண்டை வந்ததுண்டா என்று போகிறது. நடுவில் ஒரு கேள்வி வரும். கடந்த ஒரு வருஷத்தில், மனசைச் சங்கடப்படுத்துகிற மாதிரி, பயமாக, இதைப் பார்த்திருக்கவே கூடாது என்று தோன்றுகிற மாதிரி இணையத்தில் ஏதாவது நடந்ததா? ஆமாம் என்றால், அதை யாரிடம் சொன்னாய்?

இந்த ஒரு கேள்விக்காகவே மொத்தத் தொகுப்பையும் சிபாரிசு செய்வேன். பெரியவர்கள் எதை நினைத்துப் பயப்படுகிறோமோ அதைப் பிள்ளையின் வாயில் திணிக்காமல், அவர்களை எது சங்கடப்படுத்தியது என்று அவர்களையே சொல்ல விடுகிறது. நாங்கள் ஆபாசப் படம், சூதாட்டம் என்று எதிர்பார்த்துப் போனோம். அதுவும் வந்தது. ஆனால் பல பிள்ளைகள் முதலில் சொன்னது விபத்து வீடியோக்களை. மலைப்பாதையில் கவிழ்ந்த ஜீப், ரத்தம், அழுகை, யாரோ எடுத்து வாட்ஸப்பில் போட்டது. அம்மா தினமும் ஜீப்பில்தான் மலைக்கு வேலைக்குப் போகிறாள் என்றால், அந்த வீடியோ அந்தப் பிள்ளைக்கு என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். "யாரிடம் சொன்னாய்" என்றதற்கு, ஏழாவது படிக்கிற ஒரு பையன், "அம்மாகிட்ட சொன்னா வேலைக்குப் போக பயப்படும்ல, அக்கா" என்றான். எத்தனை மணி நேரம் என்று கேட்டிருந்தால் இது வந்திருக்காது.

சரி, பொருந்தாத பாதிக்கு வருகிறேன்.

முதல் சிக்கல், போன் யாருடையது என்பது. கேள்வித்தாள் இணையத்துக்கு எந்தக் கருவியில் போகிறாய், எவ்வளவு அடிக்கடி என்று வரிசையாகக் கேட்கும். அந்த வரிசைக்கு அடியில் ஒரு பிள்ளைக்கு ஒரு கருவி என்கிற நினைப்பு இருக்கிறது. எங்கள் பக்கம் அப்படிக் கிடையாது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் விடியும் முன்னே ஜீப் ஏறிவிடுவார்கள். சில வீட்டில் அம்மா பட்டன் போனை எடுத்துக்கொண்டு டச் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவாள், பிள்ளைகள் எழுந்து பள்ளிக்குக் கிளம்பினார்களா என்று கேட்க அதுதான் வழி. சில வீட்டில் இருக்கிற ஒரே டச் போன் அப்பாவோடு போய்விடும், ராத்திரி அவர் வந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கும். அண்ணன் போனில் டேட்டா தீர்ந்தால் பக்கத்து வீட்டு ஹாட்ஸ்பாட். ஆக, "உன்னிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறதா" என்பதற்கு இருக்கு, இல்லை என்று எதைச் சொன்னாலும் பாதி உண்மைதான். நாங்கள் அந்தப் பகுதியையே தூக்கிவிட்டு, "நேற்று காலையில் எழுந்ததிலிருந்து தூங்கும் வரை போன் யார் யார் கையில் இருந்தது, சொல்லு" என்று கேட்டோம். நேற்றைக் கேட்டால் பிள்ளைகள் தெளிவாகச் சொல்கிறார்கள். யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எப்போது பிடுங்கப்பட்டது எல்லாம் வந்துவிடுகிறது.

நேரக் கணக்குக்கும் இதே கதைதான். போனிலேயே இருக்கிற டிஜிட்டல் வெல்பீயிங்கைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஒரே போனை நாலு பேர் பார்க்கிற வீட்டில் அது காட்டுவது அந்தப் போனின் நேரத்தை மட்டும்தான். பாட்டி பார்த்த சீரியலும் பேரன் கணக்கில் ஏறிவிடும்.

இதில் பெண் பிள்ளைகளின் நிலை தனி. பிரதம் என்ற தொண்டு அமைப்பு கிராமப்புறப் பிள்ளைகளிடம் நடத்துகிற ஏசர் கல்விக் கணக்கெடுப்பின் 2024 அறிக்கையில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் சொந்தமாகப் போன் வைத்திருப்பவர்கள் ஆண் பிள்ளைகளில் 36.2 சதவீதம், பெண் பிள்ளைகளில் 26.9 சதவீதம். எங்கள் பக்கமும் இந்த ஏற்றத்தாழ்வு கண்ணால் பார்க்கக்கூடியதுதான். பெண் பிள்ளை போனை எடுத்தாலே யாரிடம் பேசுகிறாய் என்ற கேள்வி வரும். தடுத்து நிறுத்தினால் ஆபத்து குறைகிறது, ஆனால் கற்றுக்கொள்வதும் அதோடு சேர்ந்து குறைகிறது என்று ஐரோப்பிய ஆய்வுகளே சொல்கின்றன. ஆபத்தைச் சந்திப்பது வேறு, அதனால் பாதிக்கப்படுவது வேறு என்று லிவிங்ஸ்டன் குழுவினர் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். கேள்வித்தாளும் அப்படித்தான் அமைந்திருக்கிறது: முதலில் என்ன நடந்தது, அப்புறம் அது உன்னை எவ்வளவு பாதித்தது, அப்புறம் நீ என்ன செய்தாய். இந்த வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். நடந்ததைச் சொன்ன உடனே நாம் பதறினால், அடுத்த பதில் வரவே வராது.

அடுத்தது திறமைகள் பகுதி. இணையத்தில் தேடச் சரியான சொற்களைத் தேர்ந்தெடுப்பது உனக்குச் சுலபமா என்று ஒரு கேள்வி. கூடலூரில் ஒரு பெண் பிள்ளை கேள்வியைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். போனை வாங்கி, மைக் படத்தை அழுத்தி, வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, "ஒளிச்சேர்க்கை படம் ஈசியா வரையறது" என்று சொன்னாள். வீடியோக்கள் வரிசையாக வந்தன. முதல் இரண்டையும் தள்ளிவிட்டு மூன்றாவதைத் தொட்டாள். ஏன் என்றால், முதலாவது மலையாளம், இரண்டாவது ரொம்ப நீளம் என்றாள். தட்டச்சு செய்கிற பிள்ளையை மனதில் வைத்து எழுதிய கேள்வியில் அவளுக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் அவள் செய்தது தேடல், அதிலும் நல்ல தேடல். ஏசர்காரர்கள் இந்த இடத்தில் ஒரு நல்ல காரியம் செய்கிறார்கள். தெரியுமா என்று கேட்பதோடு விடாமல், போனைக் கையில் கொடுத்து, அலாரம் வை, இந்தத் தகவலைத் தேடு, இந்த யூடியூப் வீடியோவைக் கண்டுபிடித்து அனுப்பு என்று செய்து காட்டச் சொல்கிறார்கள். நாங்கள் திறமைப் பகுதியை அப்படியே மாற்றிக்கொண்டோம். நீங்களும் மாற்றுங்கள், பிள்ளைகளுக்கு உற்சாகமாகவும் இருக்கும்.

அந்தப் பகுதியிலேயே எங்கள் ஊருக்கென்று எழுதின மாதிரி ஒரு கேள்வி இருக்கிறது. இணையத்தில் பார்ப்பது உண்மையா என்று சரிபார்க்க உனக்குத் தெரியுமா? முல்லைப்பெரியாறு அணை பற்றி வருகிற வீடியோக்களை வைத்துத்தான் இதைக் கேட்டோம். 2024 ஜூலையில் வயநாடு நிலச்சரிவு நடந்த பிறகு அணை பற்றிய பயம் மறுபடி சமூக ஊடகங்களில் ஓடியது. 1895இல் கட்டி முடித்த அணை அது, அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறில் இருக்கிறவர்களுக்கு அது தலைக்கு மேலே நிற்கும் தண்ணீர், இந்தப் பக்கம் தேனி முதல் ராமநாதபுரம் வரை அதுதான் பாசனத் தண்ணீர். அணை உடைவது போல கம்ப்யூட்டரில் செய்த வீடியோக்களை மலை மேலே கேரளப் பக்கத்துப் பிள்ளைகள் மலையாளத்தில் பார்க்கிறார்கள், அதற்குப் பதில் சொல்கிற வீடியோக்களை மலைக்குக் கீழே கம்பம் பக்கத்துப் பிள்ளைகள் தமிழில் பார்க்கிறார்கள். இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் இருக்கிற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டும் வருகிறது. எது உண்மை என்று எப்படித் தெரிந்துகொள்வாய் என்றால், குமுளியில் ஒரு பெண், "பெரியம்மா வீட்டுக்கு போன் போட்டு, அங்க தண்ணி எவ்வளவு வருதுன்னு கேட்டுக்குவோம்" என்றாள். இதைவிட நல்ல சரிபார்ப்பு எனக்குத் தோன்றவில்லை. கேள்வித்தாளில் இதற்குக் கட்டம் இல்லை, பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு விஷயம் கட்டாயம் இருக்கும், அதைப் பேர் சொல்லிக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பிள்ளைகள் பொதுவாகத்தான் தலையாட்டுவார்கள்.

தனியாக உட்கார்ந்து கேட்கச் சொல்வது இன்னொரு சிக்கல். சங்கடமான கேள்விகளைப் பிள்ளையே படித்து, யாருக்கும் காட்டாமல் குறித்துக் கொடுக்கும்படி அமைத்திருக்கிறார்கள், "தெரியாது", "சொல்ல விருப்பமில்லை" என்ற பதில்களும் உண்டு. ரொம்ப நல்ல ஏற்பாடு. ஆனால் ஒற்றை அறை வீட்டில், எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், தனிமைக்கு எங்கே போவது? பாட்டி வந்து உட்காருவார், பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நிற்பார், தம்பி மடியில் ஏறுவான். எங்களுக்கு ஒத்துவந்தது கோயில் திண்ணையும், பூட்டிக் கிடக்கிற ரேஷன் கடை வாசலும்தான். எல்லோரும் பார்க்கிற இடம், ஆனால் பேச்சு யார் காதிலும் விழாத தூரம். வீட்டாருக்கும் நிம்மதி, பிள்ளைக்கும் நிம்மதி.

பள்ளியில் வைத்துக் கேட்பதைப் பற்றி வழிகாட்டியில் எச்சரிக்கையாக எழுதியிருக்கிறார்கள், அதைக் கண்டிப்பாகப் படியுங்கள். ஒரு பள்ளியில் எங்களிடம், தாளில் பெயரும் வகுப்பும் எழுதி வாங்குங்கள், முடிந்ததும் எங்களிடம் கொடுத்துவிடுங்கள், யார் யார் தப்பு செய்கிறார்கள் என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அங்கே நாங்கள் செய்யவில்லை, வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டோம். பிள்ளை நம்பிச் சொன்னதை அடிக்கப் பிரம்பாக எடுத்துக் கொடுக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தில் யார் என்ன சொன்னாலும் இறங்கிப் போகாதீர்கள்.

ஒப்புதல் விஷயத்திலும் தொகுப்பு உறுதியாக இருக்கிறது. அப்பா அம்மா சரி என்றால் மட்டும் போதாது, பிள்ளையும் சரி என்று சொல்ல வேண்டும், நடுவில் எழுந்து போகவும் உரிமை உண்டு. பேச்சில் ஏதாவது கொடுமை வெளியே வந்தால் என்ன செய்வது என்று முன்னாலேயே முடிவு செய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்கிறது. இங்கே நம் நாட்டுச் சட்டத்தை நீங்களாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும், உலகத்துக்கெல்லாம் பொதுவாக எழுதிய தொகுப்பில் அது இருக்காது. 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, ஒரு பிள்ளைக்குப் பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தால், நடக்கப் போகிறது என்ற அச்சம் இருந்தாலும், யாராக இருந்தாலும் போலீஸிடம் தெரிவித்தே ஆக வேண்டும். ஆகவே "நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அது காப்பாற்ற முடியாத வாக்கு. நாங்கள் தொடக்கத்திலேயே சொன்னது: "நீ சொல்றதுல உன் பேரு வராது. ஆனா உனக்கோ வேற பிள்ளைக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா, உன்கிட்ட சொல்லிட்டு, உதவி பண்றவங்ககிட்ட சொல்லுவேன்." இதைச் சொன்னால் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள் என்று சிலர் பயந்தார்கள். அப்படி ஆகவில்லை. கேட்டு முடித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ எழுதிக் கொடுத்தோம், மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே எண்தான். போன் விளையாட்டில் டைமண்ட் வாங்குகிறேன் என்று அப்பா கணக்கிலிருந்து பணம் போன கதைகளும் வந்ததால், இணையப் பண மோசடியைப் புகார் செய்கிற 1930 எண்ணையும் சேர்த்து எழுதினோம்.

காலம் கடந்த கேள்விகளும் இருக்கின்றன. 2016இல் எழுதியது, ஆகையால் எடுத்துக்காட்டாக வரும் செயலிகளை முழுசாக மாற்ற வேண்டும். டிக்டாக் 2020 ஜூனில் இங்கே தடையானது, அந்தக் கூட்டம் ரீல்ஸுக்கும் ஷார்ட்ஸுக்கும் போய்விட்டது. சாட்ஜிபிடி வந்ததே 2022 நவம்பரில்தான். வீட்டுப்பாடம் கேட்பதற்கும், தனிமையில் பேச்சுத் துணைக்கும் பிள்ளைகள் அதைப் பயன்படுத்துவது பற்றி நீங்களே கேள்வி எழுத வேண்டும். அப்படி எழுதும்போது தொகுப்பின் வரிசையையே பின்பற்றலாம்: என்ன செய்தாய், எப்படி இருந்தது, யாரிடம் சொன்னாய். எங்களுக்கு அது நன்றாகவே வேலை செய்தது.

மொழி விஷயமும் உண்டு. தொகுப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது, தமிழில் நாங்களே எழுதிக்கொண்டோம். எழுதியதை நாலைந்து பிள்ளைகளிடம் படித்துக் காட்டி, இதில் என்ன கேட்கிறோம், உன் வார்த்தையில் சொல்லு என்று கேட்டுப் பாருங்கள், வழிகாட்டியும் அதையேதான் சொல்கிறது. பாதிக் கேள்விகள் அப்போதே மாறிவிடும். இணையம் என்று பொதுவாகக் கேட்காமல் யூடியூப், வாட்ஸப், கேம் என்று பேர் சொல்லிக் கேளுங்கள். குமுளி, வண்டிப்பெரியாறு போன்ற இடங்களில் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று இருக்கிற பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுப்பதைவிட வாயால் கேட்பதுதான் சரி.

நீளம் ஒரு பெரிய குறை. முழுக் கேள்வித்தாளையும் போட்டால் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் பாதியிலேயே களைத்துப் போகிறார்கள், அப்புறம் எல்லாவற்றுக்கும் "ஆமாம்"தான். சின்னப் பிள்ளைகளுக்குச் சில கேள்விகளை விட்டுவிடச் சொல்லித் தொகுப்பிலேயே பிரித்திருக்கிறார்கள், ஆனாலும் நீளம்தான். முக்கியக் கேள்விகள், சங்கடம் பற்றிய பகுதி, திறமை, யாரிடம் உதவி கேட்பாய், இந்த நாலு மட்டும் போதும் என்பது என் அபிப்பிராயம். அப்பா அம்மாவுக்கான பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரே வீட்டில் பிள்ளை சொன்னதையும் பெரியவர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எங்களுக்கே பல விஷயம் புரிந்தது. என் பிள்ளை எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிடும் என்று சொல்லாத அம்மாவே கிடையாது.

யாருக்கு இது ஒத்துவராது என்றும் சொல்ல வேண்டும். மாவட்டத்தில் எத்தனை சதவீதம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று எண் வேண்டுமானால், எங்களைப் போலத் தெரிந்த வீடுகளில் கேட்டால் ஆகாது, முறைப்படி மாதிரி எடுக்க வேண்டும், அதற்கு ஆளும் பணமும் வேண்டும். நாங்கள் எந்த எண்ணையும் வெளியிடப் போவதில்லை. பொது எண்களுக்கு ஏசரைப் பாருங்கள். 2024இல் கிராமப்புறத்தில் 14 முதல் 16 வயதில் 82.2 சதவீதத்தினருக்கு ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரியும், அவர்களில் முந்தைய வாரத்தில் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்காக 76 சதவீதம். அந்த எண்களுக்குப் பின்னால் உங்கள் தெருப் பிள்ளை என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் இந்தத் தொகுப்பு.

எங்கள் தமிழ்க் கேள்விகளை இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறோம். செங்கோட்டை, பொள்ளாச்சி, மார்த்தாண்டம் பக்கம் யாராவது இதைச் செய்கிறீர்களானால் எழுதுங்கள், கேள்விகளைப் பகிர்ந்துகொள்ளலாம். மலையாளத்தில் ஏற்கெனவே யாராவது எழுதி வைத்திருந்தால் அதுவும் வேண்டும், வண்டிப்பெரியாறில் அடுத்த சுற்று அதை நம்பித்தான் நிற்கிறது.